ஆக்னல் மறைத்த ஆபரேஷன்

அத்தியாயம் 17

அட்டையில் இரண்டு கோடு விழுந்து இரண்டு நாளாகிவிட்டது.

அந்த அட்டையைத் தெரசம்மாள் தூக்கிப் போடவில்லை. பஜாரில் இப்ராம்சா பாயின் மருந்துக் கடைக்குத் தானே நடந்துபோய் வாங்கி வந்தது. காலண்டர் தாளில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தம்பி ஆக்னலுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். நாலாவது ஆண்தான் என்று அவளாகவே முடிவுகட்டி, பெயரும் வைத்தாயிற்று. செத்துப்போன அப்பாவின் பெயர், மரியஅந்தோணி.

பிள்ளையைச் சுமக்கிற செலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிக் குட்டி பிறந்தபோது ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் அவளைப் பிழைக்க வைத்தார்கள். இன்னொரு பிரசவம் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். கொஞ்சம் தேறி வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று செலினா கேட்டதற்கு, குறுக்கே நின்றவள் தெரசம்மாள். "ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டுல அதுக்குள்ள என்ன அவசரம்?"

ஆக்னலுக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுடைய காரணம், அவனைத் தவிர இந்த மலையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதினாலு மாதத்துக்கு முன், மலைக்குக் கீழே நடந்த ஒரு முகாமில் அவன் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தான். பத்து நிமிஷ வேலை, தையல்கூட இல்லை. ஸ்கூல் வேனுக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன், திரும்பி வந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தான். செலினா அவனுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அவளுக்காகத்தான் செய்தான். ஆனால் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கருத்தடையே பாவம் என்று சொல்கிற கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று பாடுகிறவன் அவன். வண்டி ஸ்டாண்டில், இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு டிரைவரை மற்றவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்த மனிதன் எப்படி ஸ்டாண்டையே விட்டுப் போனான் என்பதெல்லாம் அவன் கண்ணால் பார்த்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். பிறகு தள்ளுவதையும் மறந்துபோனான்.

இப்போது இரண்டு கோடு.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரும் நாள். ஏழுக்கு வந்தால் எட்டுக்கு நின்றுவிடும். ஆக்னலின் அப்பா வாங்கிய நாற்பது சென்ட் பிளம்ஸ் தோட்டத்தில் ஒரு காலத்தில் ஒரே ஓட்டு வீடுதான் இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் ஒன்பது. ஏழு பேர் அங்கேயே வீடு கட்டினார்கள். அவர்கள் பிள்ளைகளும் கல்யாணம் முடித்து, இருந்த இடைவெளியில் சுவர் எழுப்பினார்கள். பிளம்ஸ் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பதினோரு குடும்பத்துக்கு ஒரே குழாய், இரண்டு கக்கூஸ். ஆக்னல் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் சின்ன அண்ணன் வீட்டு அடுப்படிச் சுவர்.

ஒன்பதில் அவன் கடைசி. அவனுக்கு மூன்று வயதாகும்போது, பத்தாவது பிரசவத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். மூத்தவள் தெரசம்மாள் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பி தங்கைகளை இடுப்பில் மாற்றி மாற்றித் தூக்கித் திரிந்தவள். அவளுக்குக் கல்யாணம் முடிந்தபோது முப்பத்துநாலு வயது. புருஷனும் சீக்கிரமே போய்விட்டான், பிள்ளை இல்லை. தம்பி வீட்டோடு வந்துவிட்டாள்.

செலினா நிறைகுடத்தோடு உள்ளே வந்தாள். வாசலில் நின்ற ஆக்னல் கை கொடுக்கவில்லை.

"ஏலே, இந்த நேரத்துல அவளத் தூக்க விட்டுட்டு நிக்கிற! வாங்கி எறக்குடா," என்றாள் தெரசம்மாள் பக்கத்து அறையிலிருந்து.

செலினாவே இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தாள்.

"ஏங்க, பெரிய டாக்டரம்மாவப் பாக்க இன்னிக்கே பதிஞ்சுருவமா? எனக்கு ராவெல்லாம் ஒடம்பு நடுங்குதுங்க. போன தடவ மாதிரி ஆச்சுன்னா இந்த மூணும் என்ன பண்ணும்?"

அவன் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளி எத்தன நாளு ஆச்சு?"

"பதினஞ்சு நாளு ஆயிருச்சு. ஏன்?"

அவன் இரண்டு நாளாக மனசுக்குள் போட்டுப் பார்த்த கணக்குதான். ஆனாலும் இன்னொரு முறை விரல் மடக்கினான்.

"போன மாசம் நான் ஸ்கூல் புள்ளைங்கள மைசூர் டூருக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்ல, ஒம்பது நாளு. அப்ப யாரு வந்துட்டுப் போனது இங்க?"

"யாரு வரப்போறா? கேஸ் சிலிண்டர் போட வந்தாங்க. எங்க அண்ணன் பாலசமுத்திரத்துலேருந்து தேங்கா குடுத்துவிட்டிருந்துச்சு, அத லாரிக்காரரு எறக்கிட்டு…"

அவள் வெள்ளந்தியாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, என்ன கேட்டீங்க நீங்க?"

காப்பித் தம்ளரோடு வாசலில் வந்து நின்ற தெரசம்மாள், தம்பி முகத்தையும் செலினா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது.

"ஏன்டா அப்படிக் கேட்ட?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். மூத்த பெண் ரெஜினா ஷூ லேஸைக் கட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு எது புரியும், எது புரியாது என்று யார் கண்டது?

"வண்டிக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு ஆக்னல் படியிறங்கினான்.

முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "ஏ புள்ள செலினா, அந்தத் தேங்கா எறக்குனவன் எத்தன மணிக்கு வந்தான்?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, காலை நடை முடிந்து வேன் காலியானதும், வில்பட்டி ரோட்டில் துணை சுகாதார நிலையத்துக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினான். பனி இன்னும் விலகவில்லை. உள்ளே நர்ஸ் சண்முகவள்ளி ஒரு குழந்தையைத் தொட்டில் தராசில் போட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை முகாமுக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். தாய்மார்கள் போகும்வரை அவன் தடுப்பூசி போஸ்டரைப் படித்துக்கொண்டு வெளியே நின்றான். ஒரே போஸ்டரை நாலு தடவை படித்தான்.

"நர்ஸம்மா, அந்த ஆபரேஷன் தப்பிப் போகுமா?"

சண்முகவள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வீட்ல மாசமா இருக்காங்களா?"

அவன் தலையாட்டினான்.

"மூணு மாசம் கழிச்சு டெஸ்டுக்கு வரச்சொன்னேனே, போனீங்களா?"

"இல்லம்மா."

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வர்ற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? ஆயிரத்துல ரெண்டு மூணு பேருக்குத் தப்பும், அதுக்குத்தான் டெஸ்ட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"வாசல் வரைக்கும் போனேன். லேப்ல எங்க கோயில் பங்குக்காரர் ஒருத்தர் ஒக்காந்திருந்தாரு. அவருகிட்டப் போயி அந்த டப்பாவ எப்படிங்க நீட்டுறது? வெக்கமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

சண்முகவள்ளிக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறந்தவள் என்னவோ நினைத்து மூடிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எம்மேலயும் தப்பு இருக்குங்க. அந்த வருசம் முகாமுக்கு ஆம்பளைங்க ஒருத்தர்கூட வரல. இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பொம்பளையத்தான் அனுப்பி வைப்பாங்க. ரத்தமே இல்லாதவளையும் அனுப்புவாங்க. நீங்க வரேன்னதும் எனக்குக் கால் தரையில படல. வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டீங்களான்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா வராமப் போயிருவீங்களோன்னு பயம். ரெண்டு தடவ போன் போட்டேன், நீங்க எடுக்கல. நானும் விட்டுட்டேன்."

அவள் எடைப் பதிவேட்டை மூடி வைத்தாள்.

"நீங்க அவங்கள எதுவும் கேட்டுரலையே?" என்றாள் அவள்.

ஆக்னல் சாத்திய கதவைப் பார்த்தான்.

"அடப்பாவி மனுசா!" என்றாள் சண்முகவள்ளி மெதுவாக. பிறகு எழுந்தாள். "இன்னிக்கே அவங்களப் பெரிய டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. போன தடவ நடந்ததுக்கு, இது விளையாட்டு இல்ல. கருத்தடை தப்பி வந்தத வச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணச் சட்டம் எடம் குடுக்குது. ஆனா அத முடிவு பண்ண வேண்டியது அவங்க. நீங்க இல்ல, ஒங்க அக்கா இல்ல, நானும் இல்ல. மொதல்ல போயி நடந்தத அவங்ககிட்டச் சொல்லுங்க. வெரசாப் போங்க."

அவன் நேரே வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. பஜாரில் தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஒரு லேப்பைத் தேடிப் போனான். கவுண்டரில் இருந்த சின்னப்பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பதினோரு மாதத்துக்கு முன் அவனை வாசலிலிருந்து திரும்பி ஓட வைத்த காரியம், பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தான். சீட்டு வந்ததும் படம் எடுத்துச் சண்முகவள்ளிக்கு அனுப்பினான். அவள் உடனே கூப்பிட்டாள்.

"விந்தணு இருக்கு. நல்லாவே இருக்கு. ஆபரேஷன் தப்பியிருக்கு. டெஸ்ட் பாத்துட்டுத்தான் நம்பணுமாக்கும்?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் ஸ்டியரிங்கில் சாய்ந்து மூச்சுவிட்டான். தன் பிள்ளைதான்.

அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்பது அவனுக்கு உறைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது வாந்தியைக் கையில் ஏந்தியவள். அவளை நம்புவதற்கு, முன்பின் தெரியாத பெண் அச்சடித்துக் கொடுத்த ஒரு தாள் வேண்டியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். ரோட்டில் சுற்றுலா வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நகராமல் நின்றன. அவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

*

ஆக்னல் வேன் ஓட்டும் அதே போர்டிங் ஸ்கூலின் லாண்டரியில்தான் செலினாவுக்கும் வேலை. மாலை நடைக்கு வேனை எடுக்கப் போனவன், லாண்டரிப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினான்.

தெரசம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே நீராவிப் புகைக்கு நடுவில், இஸ்திரி மேஜைக்குப் பின்னால் செலினா. கூட வேலை பார்க்கும் நான்கு பெண்களும் கையிலிருந்த பெட்ஷீட்டுகளோடு அப்படியே நின்றார்கள்.

"மூணு புள்ளைங்க தலையிலயும் அடிச்சு சத்தியம் பண்ணுன்னுதானே கேக்கேன். தப்பு இல்லாதவளுக்கு அதுல என்ன தயக்கம்?"

"என் புள்ளைங்க தலைய எதுக்குத் தொடணும் மதினி? நான் ஏன் பண்ணணும்?"

"எந்தம்பி வாய் தொறந்து ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டான். அவனே கேக்கான்னா…"

"அக்கா!"

தெரசம்மாள் திரும்பினாள். "வா தம்பி. நீயே கேளு. வெள்ளனே நீ கேட்டதுக்கு இன்ன வரைக்கும் பதில் இல்ல."

"அக்கா, வீட்டுக்கு வா. வீட்ல வச்சுப் பேசிக்கலாம்." அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். பெண்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருவர் அவனோடு கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள்.

"எதுக்கு வீட்டுக்கு?" செலினா கேட்டாள். சத்தமே இல்லை அவள் குரலில். "அவங்க இங்க வச்சுத்தானே கேட்டாங்க. ஒங்களுக்குச் சொல்றதுக்கு எதும் இருந்தா இங்கயே சொல்லுங்க."

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவனிடம் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் காலையிலிருந்து யோசித்ததில் தெரிந்திருந்தது.

ஆக்னல் அக்காவின் கையை விட்டான்.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

"என்ன ஆபரேஷன்?" என்றாள் தெரசம்மாள்.

"குடும்பக் கட்டுப்பாடு. நாந்தான் பண்ணிக்கிட்டேன். போன வருசம், டயர் மாத்தப் போறேன்னு போனேன்ல, அப்ப. செலினா ஒடம்புக்கு இன்னொண்ணு தாங்காதுன்னு பண்ணேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் செய்ய வேண்டிய டெஸ்டையும் செய்யல. ஆபரேஷன் தப்பிப் போச்சு. இது என் புள்ளதான். தப்பு பூரா என்னோடது."

நான்கு பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா, வேறு எதையாவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஸ்டாண்டுவரை போய்விடும். போகட்டும்.

தெரசம்மாள் துணிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பியை என்ன திட்டுவது என்று தேடுவதுபோல் அவள் வாய் அசைந்தது. ஆம்பளையாடா நீ என்பதுவரை வந்து நின்றுவிட்டது. பிறகு, அங்கே ஆட்கள் இருப்பதையே மறந்து தனக்குள் பேசுகிறவளைப்போல் சொன்னாள்.

"நம்ம அம்மா பத்தாவதுக்குப் போறப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு, இத்தோட போதும்டின்னுச்சு. எனக்கு வயசு பதினெட்டு. நான் யார்கிட்டப் போயிச் சொல்றது அத? அப்பாகிட்டயா? சொல்லல. அது போயே போயிருச்சு." முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "இப்ப இவகிட்ட நாலாவது வேணும்னு ரெண்டு வருசமா நச்சரிச்சுட்டு, கடைசில இவளயே…"

அவள் செலினாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் பனிக்குள் நடந்துபோனாள். கேட்டைத் தாண்டும்வரை முதுகு கூனிக்கொண்டே போனது.

*

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த பிறகு, வேலை முடிந்த செலினாவை வேனில் ஏற்றிக்கொண்டான். எப்போதும் அவன் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள், அன்று கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் பதினெட்டு காலி சீட்டுகள்.

ஏரிச் சாலை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுச்சு, ஆபரேஷன் தப்பிருச்சுன்னு?"

"மத்தியானம். லேப்ல டெஸ்ட் எடுத்தேன்."

"அப்ப, சீட்டு வந்தப்புறம் நம்புனீங்க."

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். எதிரே ஒன்றும் வரவில்லை.

"சீட்டுல வேற மாதிரி வந்திருந்தா? அவங்க ஏதாச்சும் தப்பா அடிச்சுக் குடுத்திருந்தா? ரெஜினாவுக்கு நான் யாருங்க அப்ப?"

"செலினா, என்னய நாலு வார்த்த திட்டிரு. அடிக்கணும்னாலும் அடி."

"எனக்கு அதுக்குச் சத்து இல்லங்க." ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "பதினாலு மாசம். மாசா மாசம் நாள் நெருங்குறப்பல்லாம் சாப்பாடு எறங்காது எனக்கு. நீங்க கிட்ட வந்தா பயம், வேணாம்னு சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களோன்னு அதுவும் பயம். எனக்காகப் பண்ணேன்னு சொல்றீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த டெஸ்டுக்கு ஒங்க கையப் புடிச்சு நானே இழுத்துட்டுப் போயிருப்பேன். டப்பாவ நான் நீட்டியிருப்பேன்."

ஆக்னலால் ஓட்ட முடியவில்லை. ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வேன எடுத்துட்டுப் போனப்புறம் நர்ஸம்மா லாண்டரிக்குப் போன் பண்ணாங்க," என்றாள் செலினா. "நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மாகிட்ட எனக்காக அவங்களே பேசி வச்சிருக்காங்க. வச்சுக்கறியா வேணாமான்னு டாக்டரம்மா கேப்பாங்களாம். கோயில்ல என்ன சொல்வாங்கன்னும் யோசிச்சேன். வீட்ல இருக்குற மூணையும் யோசிச்சேன். துணி தேய்ச்சுக்கிட்டே யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"என்ன முடிவு?"

அவன் திரும்பினான். அவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணியாச்சு. அத ஒங்ககிட்டச் சொல்லிட்டுச் செய்யவா, இல்ல ஒங்கள மாதிரி சொல்லாமச் செய்யவான்னுதான் இன்னும் தெரியல. வண்டிய எடுங்க. சின்னது பசியோட கெடக்கும்."